அப்பா நலம்

காஜா அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். ராணுவத்துக்குச் சட்டை தைக்கும் பட்டறையில் காஜா எடுப்பது, அதாவது பொத்தான் துளையைச் சுற்றி நூல் கட்டுவது, அவள் வேலை. கை ஊசியில் இருக்கும். வாய் ஊர்வம்பில் இருக்கும். "உன் வாய்க்கும் ஒரு பொத்தான் தைக்கணும்" என்பார் மேஸ்திரி. "முதல்ல உங்க தொந்திக்குப் பொத்தான் எட்டுதான்னு பாருங்க" என்பாள். பட்டறையே சிரிக்கும்.

ஒரு ரகசியம் தங்காத அந்த வாய், புருஷன் செத்ததை மட்டும் போர்முனையில் இருந்த ஒரே மகனிடம் சொல்லவில்லை.

மனுஷன் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். அடக்கம் முடிந்து வந்ததும் அவள் தம்பி பேனாவை எடுத்தான்.

"மாப்ளைக்கு எழுதிடவாக்கா?"

"கைய ஒடிச்சிருவேன். துப்பாக்கியோட நிக்கிறவனுக்குக் கண்ணு கலங்கினா என்னடா ஆகும்? எமனுக்கு அந்த ஒரு நொடி போதாதா? அவன் உசுரோட வரட்டும். வந்து என்னைத் திட்டட்டும், மூஞ்சில முழிக்காம போகட்டும். உசுரோட வந்தாப் போதும்."

தம்பி பேனாவை மூடி வைத்தான். அன்றிலிருந்து கடிதங்களை அவளே எழுதினாள். நலம், நலமறிய ஆவல். அப்பா நலம். இருமல் குறைந்திருக்கிறது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறார். கடைசியில், அவர் வைவதைப் போலவே, "டேய் தடியா, ஒழுங்கா சாப்பிடு" என்று ஒரு வரி. உறையை ஒட்டிய பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்து அழுவாள்.

'அப்பாவைக் கொஞ்சம் எழுந்து நடக்கச் சொல்லும்மா' என்று மகன் பதில் எழுதினான். காலி நாற்காலியிடம் போய்ச் சொன்னாள். பெற்ற வயிறு வேறென்ன செய்யும்?

பிறகு ஒருநாள் ராணுவ வண்டி வந்து வாசலில் நின்றது. இறங்கியவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அவள் கும்பிட்ட சாமி ஒன்றுகூடக் கண் திறக்கவில்லை.

மகனோடு ஒரே கூடாரத்தில் இருந்தவன், காலில் கட்டுடன் ஊன்றுகோல் ஊன்றி, அவன் பெட்டியைக் கொண்டுவந்தான்.

"அன்னிக்குக் காவல் அவன் முறையே இல்லம்மா. இன்னொருத்தனோடது. அவங்கப்பா தவறிட்டார்னு வீட்லேருந்து கடுதாசி வந்துச்சு, உடனே ரெண்டு மாச லீவு குடுத்து அனுப்பிட்டாங்க. அப்பா, அம்மா சாவுன்னா மட்டும் எங்களுக்கு லீவு இல்லன்னு சொல்லமாட்டாங்க. அந்த எடத்துலதான் இவனை நிறுத்துனாங்க."

காஜா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா எங்கம்மா?" என்றான் அவன். "உங்க கடுதாசி வந்தா, அப்பா வையறதைத்தான் எங்களுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டுவான். பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"அவரு எம்புள்ளைக்கு ஒரு மாசம் முன்னாடியே போயிட்டாருப்பா. நான்தான் எழுதல."

அவன் முகம் வெளிறிப்போனது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இல்லம்மா... அது... எல்லாருக்கும் குடுக்கமாட்டாங்க. நீங்க எழுதியிருந்தாலும் அவனை விட்டிருக்கமாட்டாங்கம்மா. சத்தியமா."

தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"உனக்குப் பொய் சொல்ல வரலப்பா" என்றாள் காஜா அக்கா. "எனக்கு நல்லா வந்துச்சு. சொல்லிச் சொல்லியே எம்புள்ளைய நானே கொன்னுட்டேன்."