மணல் மூட்டைக்கு மேலே இருந்த ஓட்டை

டாக்டர், என் வீட்டுக்காரர் காலை மடக்கினார் என்று நீங்கள் எழுதியது பொய்.

நான் அவர் கட்டில் பக்கத்திலேயே இருந்தேன். அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறவர். நான் அதே கம்பெனியில் பாக்கெட் போடுகிறேன். மருந்து அறையில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்த ஆளுக்கு, அசையாமல் இருக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். அங்கே காலைத் தரையில் இழுக்கக் கூடாது, உரசினால் வெடித்துவிடும். கொசு கடித்தால் அடிக்கக் கூடாது. வலித்தாலும் சத்தம் போடக் கூடாது, பக்கத்து ஆளின் கை பதறிவிடும். அப்படிப் பழகிய உடம்பு அது.

கம்பெனி வேனில் போகும்போது நெஞ்சு அடைக்கிறது என்றார். விருதுநகரில் உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் காலையில் ஆஞ்சியோகிராம். மணிக்கட்டு வழியாகத்தான் டியூப் விடுவோம், சாயங்காலமே எழுந்து நடக்கலாம் என்றீர்கள். வெளியே கொண்டுவந்தபோது மணிக்கட்டிலும் கட்டு, தொடை இடுக்கிலும் கட்டு. கேட்டதற்கு, கை நரம்பில் கம்பி ஏறவில்லை, அதனால் தொடையில் போட்டோம் என்று உங்கள் ஆள் ஒருவர் நடந்துகொண்டே சொன்னார். எனக்கு அப்போதே மனசு சரியில்லை. நடந்துகொண்டே பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

வார்டில் தொடை இடுக்கின் மேல் மணல் மூட்டை வைத்தார்கள். ஆறு மணி நேரம் வலது காலை மடக்கக் கூடாது, தலையைத் தூக்கக் கூடாது என்றார் சிஸ்டர். இவர் கட்டைபோலக் கிடந்தார். முழங்காலில் ஒரு ஈ உட்கார்ந்தது. அதற்குக்கூடக் காலை உதறவில்லை. “ஏ புள்ள, அந்த ஈயை ஓட்டு” என்று சொல்லிக் கண்ணால் காட்டினார்.

மத்தியானம் முதுகு வலிக்கிறது என்றார். அதையும் மெதுவாகத்தான் சொன்னார். இங்கேதான் நான் தப்புச் செய்தேன். எங்கள் கம்பெனியில் முதுகு வலிக்காத ஆள் கிடையாது. சோற்று வாளியோடு தைலக் குப்பியும் பையில் போகும். முதுகுவலி என்றால் தைலம், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அவரைப் புரட்டாமல், மெத்தைக்கும் முதுகுக்கும் நடுவில் கையை நுழைத்துத் தேய்த்தேன். சிஸ்டர் வந்து, “என்னக்கா, வார்டையே தைலக் கடையாக்கிட்டீக” என்று சிரித்துவிட்டுப் போனார். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது, நான் வெளியே தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு நெற்றி வியர்த்தது. உதடு வெளுத்தது. சிஸ்டரைக் கூப்பிட்டேன். மூட்டையைத் தூக்கிக் கட்டைப் பார்த்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். மறுபடியும் போய்க் கூப்பிட்டேன், அதே பதில். மூன்றாவது தடவை சிஸ்டர் கையைப் பிடித்து இழுத்துவந்து இவர் அடிவயிற்றில் வைத்தேன். வலப்பக்கம் கல்மாதிரி இருந்தது. அப்புறம்தான் பிரஷர் பார்த்தார்கள். பார்த்ததும் ஓடினார்கள். ஒருவர் இரண்டு கையாலும் தொடை இடுக்கை அமுக்கினார், இரண்டு பேர் ரத்தப் பாட்டில் மாட்டினார்கள். கட்டிலோடு, காலையில் ஆஞ்சியோ செய்த கேத் லேபுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். நீங்கள் அப்போது ஆஸ்பத்திரியில் இல்லை என்றார்கள். எங்கே இருந்தீர்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது.

வேறொரு டாக்டர்தான் அவரைக் காப்பாற்றினார். இடது தொடை வழியாக டியூப் விட்டு, கிழிந்த குழாய்க்குள் பலூனை ஊதி ரத்தத்தை அடைத்திருக்கிறார். பிறகு துணி போர்த்திய ஸ்டென்ட் ஒன்றை உள்ளேயே வைத்து ஓட்டையை மூடியிருக்கிறார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு டிவியில் படம் காட்டினார். ரத்தக்குழாயிலிருந்து கறுப்புப் புகைபோல ஒன்று வெளியே போய்க்கொண்டிருந்தது. அதுதான் ஓட்டை என்றார். அது கட்டுப் போட்ட இடத்தில் இல்லை. மேலே, அடிவயிற்றுப் பக்கம் இருந்தது.

“கீழ குத்தினா பின்னால எலும்பு இருக்கும்மா, அமுக்கினா நின்னுடும். இது மேல போயிருக்கு. இங்க வெளியில இருந்து அமுக்க எதுவும் இல்ல. ரத்தம் முதுகுப் பக்கமாத்தான் போகும், வெளியில தெரியாது.”

“கால அசைச்சா இப்படி ஆகுமா சார்?” என்று கேட்டேன்.

“அசைச்சா ஊசி குத்தின இடம் மேல ஏறுமா?” என்றார். சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தார். அதன் பிறகு எதிரே வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், இங்கிலீஷில் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரியை, பிரஸ்ஸில் புரூஃப் பார்க்கும் எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் படித்துச் சொன்னாள்: சொன்னதை மீறி நோயாளி காலை மடக்கியதால் ரத்தக்கசிவு.

எனக்கு இந்த வாக்கியம் புதுசு இல்லை. எங்கள் பக்கம் எந்த அறை வெடித்தாலும், கட்டட இடிபாட்டை அள்ளுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள். தொழிலாளியின் கவனக்குறைவு, உராய்வு. உள்ளே இருந்தவன் எழுந்துவந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை என்ற தைரியம்.

என் ஆள் உயிரோடு இருக்கிறார். ஆனால் அவரும் இல்லை என்று சொல்லவில்லை. “கண்ணசந்த நேரத்துல அசைச்சிருப்பேன் போல” என்றார். அன்றிலிருந்து காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்காரப் பயப்படுகிறார். கம்பெனியில் எல்லாரிடமும் தன் தப்பு என்றே சொல்லியிருக்கிறார். மறுபரிசோதனைக்கு வந்தபோது உங்கள் முன்னால் கைகட்டி நின்று, “தப்பு எம்மேலதான் சார், மன்னிச்சுக்கோங்க” என்றார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

“இனிமே சொன்னபடி கேளுங்க” என்றீர்கள்.

என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. குத்தியது தவறிப்போனதற்கு நான் சண்டைக்கு வரவில்லை. கைத்தொழிலில் கை தவறும், எங்களுக்கும் தவறும். தவறியதை அவர் தலையில் கட்டினீர்கள், அவர் மன்னிப்புக் கேட்டபோது அதையும் வாங்கிக்கொண்டீர்கள்.

அந்தப் படத்தின் சிடியைக் கேட்டேன். “நீங்கதான முதுகுல தைலம் தேய்ச்சது?” என்றீர்கள். அதாவது அவர் இல்லை என்றால் நான். சிஸ்டர் சிரித்துவிட்டுப் போன விஷயத்தை யார் உங்களிடம் வந்து சொன்னது, எதற்காகச் சொன்னது? ஒரு வாரம் தூங்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு புத்தி வந்தது. என் கை முதுகில்தான் பட்டது, குழாயில் படவில்லை. சிடிக்காக மூன்று தடவை அலைந்துவிட்டேன். மிஷின் ரிப்பேர் என்கிறார்கள். என்னைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் அதே ஜன்னலில் சிடி கொடுக்கிறார்கள், பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

தனியறைக்கு என்னைக் கூப்பிட வேண்டாம். நோயாளிகள் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிற பெரிய ஹாலில் ஒரு டிவி ஓடுகிறது, அதில் அந்தப் படத்தைப் போடுங்கள். அவரை நாற்காலியில் உட்காரவைக்கிறேன். அத்தனை பேருக்கும் முன்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: ஊசியை எங்கே குத்தினீர்கள்? அவர் காலை மடக்கியதை உங்களில் யார் கண்ணால் பார்த்தது?