கடலுக்கு முன்னால் நீட்டிய டப்பா

“…அப்போ இதக் கழட்டிக் குடுத்தாத்தான் ஆண்டவரு என்னை சேத்துக்குவாரு, இல்லன்னா கரையிலயே நிக்க வுட்டுடுவாரு. அதானே பாஸ்டர் சொல்றீங்க?”

சதுரங்கப்பட்டினம் கடற்கரையில், நான் தைத்துக் கொடுத்த வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு நின்று அவள் இப்படிக் கேட்டாள். கழுத்திலிருந்த தாலிக் கயிற்றை இரண்டு விரலால் பிடித்திருந்தாள். ஞானஸ்நானத்துக்கு வந்த ஆறு பேரில் ஐந்து பேர் முழுகிக் கரையேறியாயிற்று. பாஸ்டர் முழங்கால் தண்ணீரில் நின்றார். நடுவில், பிஸ்கட் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நான்.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் சபையில் நகை கூடாது. தண்ணீரில் இறங்கும் முன் தோடு, வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றி டப்பாவில் போட வேண்டும். பிறகு வீட்டாரிடம் கொடுத்துவிடுவோம், போட்டவர் மறுபடி அணியக் கூடாது. இருபது வருஷத்துக்கு முன் என் தோடும் இப்படித்தான் போயிற்று. காது ஓட்டை தூர்ந்துபோனதைப் பெருமையாகத் தடவிப் பார்த்துக்கொண்டவள் நான். இன்று அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிகிறது.

அவள் செங்கல்பட்டில் என் தையல் கடைக்குக் கொக்கி தைக்க வருபவள். ஊரைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துக்காரி. யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் அளவு நோட்டின் பின்பக்கம் எழுதி வைப்பது என் வழக்கம். பாதி நோட்டு அவள் பேச்சுதான். “உங்க ஆளுங்க ஜெபம் பண்றதப் பாத்தா கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கற மாதிரி கீது அக்கா. அப்பான்னு கூப்புடுறீங்க, அப்பறம் இன்னாத்துக்கு இவ்ளோ பயம்?” என்று கேட்டவள் அவள். அப்போது நான் சிரித்தேன்.

இன்னொரு நாள், “தப்பு பண்ணா உங்க சாமி இன்னா பண்ணும்?” என்றாள்.

“நீ கேக்கறதுக்கு முன்னாடியே மன்னிச்சுட்டு உனக்காகக் காத்துகினு இருப்பாரு.”

ஊசி நின்றது. “நெசமா சொல்றியா, இல்ல துணிக்கடைக்காரன் மாதிரி சாயம் போவாதுன்னு சொல்றியா?”

“போவாது,” என்றேன். என்னை நம்பித்தான் சபைக்கு வந்தாள்.

அவள் புருஷன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். இந்தப் பக்கம் வராதவர், ஆனால் அவளைத் தடுக்கவும் இல்லை. “என் சாமிங்க என்கூட இருக்கட்டும். உனக்கு நிம்மதி அங்க கீதுன்னா போய் வாங்கிக்கினு வா,” என்றாராம். அன்றைய ஓட்டத்தை விட்டுவிட்டு எங்கள் வேனுக்குப் பின்னாலேயே ஆட்டோவில் வந்து, அவள் மாற்றுப் புடவையைத் தோளிலும் துண்டைக் கையிலும் வைத்துக்கொண்டு மணலில் நின்றார்.

வளையலையும் மெட்டியையும் அவள் ஒரு பேச்சில்லாமல் டப்பாவில் போட்டாள். பாஸ்டர் அவள் கழுத்தைக் காட்டினார். “அதுவும் சகோதரி.”

“இது அவரு கட்டுனது. அவருதான் தோ நிக்கிறாரே.”

“அது பழைய வாழ்க்கையோட அடையாளம். முழுசா ஒப்புக்கொடுக்க மனசில்லன்னா அடுத்த தடவை பாத்துக்கலாம்.”

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் தாலி எப்போது இறங்கும் என்று பாஸ்டருக்குத் தெரியாதா? தெரியும். அவள் புருஷன் மணலில் நின்றபடி, “கழட்டணும்னா கழட்டு. நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்,” என்று சிரித்தார். கையிலிருந்த துண்டைக் கயிறாக முறுக்கிவிட்டிருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஊதாரியாகப் போய்த் திரும்பி வந்த மகனின் விரலில் மோதிரம் போட்ட தகப்பனைப் பற்றி ஞாயிறு தோறும் பாடுகிறோம். அந்தத் தகப்பன் வாசலில் டப்பாவோடா நின்றார்? சிலுவையில் ஆண்டவருக்குப் பக்கத்தில் தொங்கி, அன்றைக்கே மன்னிப்பு வாங்கிய கள்ளன் எதைக் கழற்றிக் கொடுத்தான்? கழற்ற அவனுக்குக் கையாவது சும்மா இருந்ததா? சும்மா கொடுக்கிறவர் கையை நீட்டிக்கொண்டிருக்க, வாங்க வருகிறவளை மறித்துக்கொண்டு குறுக்கே நிற்க எங்களுக்கு யார் உத்தியோகம் கொடுத்தது? அவர் நல்லவர் என்று வாய் சொல்கிறது. நம்ப மட்டும் எங்களுக்குத் துணிச்சல் இல்லை. அதனால்தான் இத்தனை சட்டம்.

டப்பாவை மூடினேன். “இதுக்கு மேல நான் எதையும் வாங்கறதா இல்ல பாஸ்டர்.”

“அக்கா, நீங்க குறுக்க பேசாதீங்க. சபை ஒழுங்கு எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

அப்போதுதான் அவள் அதைக் கேட்டாள். கழற்றினால்தான் சேர்த்துக்கொள்வாரா என்று.

பாஸ்டர் வாயைத் திறந்தார். “அவர் சேத்துக்குவார், அது வேற. சபைன்னு ஒண்ணு…” ஓர் அலை வந்து அவர் வேட்டியை நனைத்துவிட்டுப் போனது.

“அவரு சேத்துக்குவாரு இல்ல? போதும்,” என்றாள்.

கயிற்றை அங்கிக்கு வெளியே எடுத்து விட்டாள். என்னைத் தாண்டி, பாஸ்டரையும் தாண்டி, இடுப்பளவு தண்ணீர் வரும்வரை நடந்தாள். பிறகு கரையைப் பார்த்துத் திரும்பி, முழுக்குக்கு நான் சொல்லிக் கொடுத்திருந்தபடியே இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.