ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப்பல்

எங்கள் பல் மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டுக்குப் பல்லின் அமைப்பைப் பாடமாக எடுத்தவர் ஒரு பேராசிரியர். புரியவைத்தது நாங்கள் பல்லக்கா என்று கூப்பிட்டவள். இன்று அதே நாற்காலியில் நானே பேராசிரியையாக உட்கார்ந்திருப்பதால், இதைச் சொல்ல எனக்கு யாரிடமும் பயமில்லை.

பல்லக்காவுக்குக் கல்லூரிக் கணக்கில் உதவியாளர் என்று பெயர். சுற்றுவட்டாரத்து கிளினிக்குகளில் பிடுங்கிய பற்கள் மூடி போட்ட ஜாடிகளில் வந்து இறங்கும். அவற்றைப் பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, துணியில் உலர்த்தி, இனம் பிரித்து, முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகச் சேர்த்து மாணவர்களுக்குக் கொடுக்கவேண்டும். அதுதான் வேலை. அவளுக்குப் பத்தாம் வகுப்புப் படிப்புகூடக் கிடையாது. ஆனால் ஒரு பல்லை உள்ளங்கையில் போட்டால், மேலா கீழா, இடமா வலமா என்று அது உருண்டு நிற்பதற்குள் சொல்லிவிடுவாள். வேர் எப்போதும் கொஞ்சம் பின்பக்கமாகச் சாயும், அதைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் வரும் என்பாள்.

தேர்வு நெருங்கினால் அவள் மேஜைக்கு முன்னால் கூட்டம் நிற்கும். எனக்கு இந்தப் பாடம் சுட்டுப்போட்டாலும் வராது. என்னைக் கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரலுக்குக் கீழே ஒவ்வொரு பல்லாக வைப்பாள். முன்னால் இருப்பது கடிக்க, அதன் பக்கத்துக் கோரைப்பல் கிழிக்க, அடுத்த இரண்டு சின்னவை நசுக்க, கடைசியில் இருக்கும் பெரியவை அரைக்க. மேல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர், கீழே உள்ளதற்கு இரண்டு. கீழ்க் கடைவாய்ப்பல்லில் முதலாவதற்கு ஐந்து மேடு, இரண்டாவதற்கு நான்கு மேடு, நடுவில் கூட்டல் குறி போட்ட மாதிரி பள்ளம். இதில் மட்டும் நான் தப்பு செய்தால் அவளுக்குக் கோபம் வரும். ஐந்தா நான்கா என்று விரல் வலிக்கும்வரை தடவிப் பார்க்கச் சொல்வாள்.

அவளிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. வெளிநோயாளிகள் பிரிவில் குழந்தையோடு யாராவது பெண் உட்கார்ந்திருப்பதைக் கண்டால், வேலையைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால்பற்களுக்குப் பின்னால் முதல் கடைவாய்ப்பல் முளைக்கும், அதைப் பால்பல் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், அது போனால் போனதுதான் என்று சொல்வாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள். நான் படிப்பை முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் நோயாளி ஒருத்தியிடம் அவள் இப்படிப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து எரிந்து விழுந்தேன். டாக்டர் நீயா நானா என்று கேட்டேன். அவள் தன் ஜாடிகளிடம் திரும்பிப் போனாள். மறுநாள் அவளே வந்து காரணத்தைச் சொன்னாள். அதற்குப் பிறகு நான் அவளை எதற்கும் தடுத்ததில்லை.

அவளுக்கு ஒரே மகள். அந்தக் குழந்தைக்கு ஆறு வயதில் கீழ் இடது பக்கம் முளைத்த பல், முளைக்கும்போதே மஞ்சளாக, தொட்டால் பொடியாக உதிரும்படி இருந்தது. ஏழரை வயதில் வலி தாங்காமல் துடித்தாள். பல் பிடுங்குகிறவர், காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் நாலைந்து தடவை வரவேண்டியிருக்கும் என்றாராம். பால்பல்தானே, திரும்ப முளைக்கும், பிடுங்கிவிடுங்கள் என்று இவள் சொல்லிவிட்டாள். ஆறு மாதம் கழித்து வெள்ளம் வந்தது. முதல் படகில் குழந்தைகளை ஏற்றினார்கள். இவளும் தையல்காரரான இவள் புருஷனும் அடுத்த படகில் போனார்கள். முதல் படகில் போன குழந்தைகளை எங்கெங்கோ பிரித்துக் கொண்டுபோயிருந்தார்கள். இவர்கள் மகள் எந்த இடத்திலும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து இந்த வேலைக்கு வந்தாள். வந்த முதல் மாதமே, பேராசிரியர் பாடம் எடுப்பதைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், தான் பிடுங்கச் சொன்னது திரும்ப முளைக்காத பல் என்று அவளுக்குத் தெரிந்தது. பெற்ற பிள்ளையைத் தொலைத்தவளுக்கு ஒரு பல் பெரிதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். பிள்ளை போனது வெள்ளத்தால், பல் போனது என்னால் என்றாள்.

வெள்ளம் வந்து பதினாறு வருடம் கழித்து ஒரு பெண் வந்தாள். தூரத்து ஊரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். அந்த வெள்ளத்தில் மீட்கப்பட்டு, காய்ச்சலில் மாதக்கணக்கில் பேச்சில்லாமல் கிடந்து, பழைய நினைவெல்லாம் போனவள். வயது எட்டு இருக்கலாம் என்று இல்லத்துப் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். அதை வைத்து விசாரித்து விசாரித்து, தையல்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஏமாற்ற வந்தவள் இல்லை. அவளும் நம்பித்தான் வந்தாள். தையல்காரர் அவளைப் பார்த்ததும் மெஷினை விட்டு எழுந்து அழுதாராம். அன்றிலிருந்து அவர் கையில் வேறு வேலை ஓடவில்லை. மூன்று வாரமாக அவளுக்கே சட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு என்றால் கொஞ்சம் எச்சிலை எடுத்து டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினால் போதும். அப்போது எங்கள் ஊரில் அதெல்லாம் கிடையாது. பல்லக்காவிடம் அடையாளம் என்று இருந்தது, பிடுங்கிப்போன அந்த ஒரு பல்தான். சாப்பிடும்போதும் சிரிக்கும்போதும் அந்தப் பெண்ணின் வாயையே திருட்டுத்தனமாகப் பார்த்திருக்கிறாள். கீழ் வரிசையில் வலது பக்கம் மூன்று கடைவாய்ப்பல். இடது பக்கம் இரண்டுதான். ஒன்று குறைகிறது. அதைப் பார்த்த அன்று வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது என்று என்னிடம் சொன்னாள். சின்ன வயதில் அந்தப் பல்லைப் பிடுங்கினால், பின்னால் வருவது முன்னால் நகர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இடது பக்கம் கடைசியாக வரும் ஞானப்பல் இன்னும் முளைக்காமல் இருந்தாலும் இரண்டுதான் இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் பல்லைச் சுத்தம் செய்யலாம் என்று சொல்லி அவளை என் அறைக்கு அழைத்து வந்தாள்.

நாற்காலியில் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். நான் பார்ப்பதற்கு முன்னால் பல்லக்கா கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். இடது பக்கம், இருக்கும் இரண்டில் முன்னால் இருப்பது. நான்கு மேடு என்றால் அது நகர்ந்து வந்த இரண்டாவது பல், வந்தவள் மகள்தான்; ஐந்து என்றால் அது பிடுங்கப்படாத முதலாவது. பல்லக்கா வெகுநேரம் குனிந்தே இருந்தாள். அவள் உதடு அசைவதை நான் பார்த்தேன். எண்ணி முடித்து, திரும்ப எண்ணி, மூன்றாம் முறையும் எண்ணினாள். பிறகு, சில பேருக்கு இரண்டாவது பல்லிலும் ஐந்து மேடு இருக்கும், இல்லையா டாக்டர் என்று என்னிடம் கேட்டாள். இருக்கும் என்றேன். எக்ஸ்ரே எடுத்தோம். இடது பக்கத்து ஞானப்பல் எலும்புக்குள் முழுசாகப் படுத்திருந்தது. எந்தப் பல்லும் பிடுங்கப்படவே இல்லை.

நான் அவளைப் பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு அடக்கமாட்டாத கோபம். யார் மேல் என்று கேட்டால் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லை, உனக்குப் பெண் இல்லை, இதில் பல்லுக்கு என்ன வேலை என்று கத்தினேன். உன் மகள்தான் என்று நானே உன் வீட்டுக்காரரிடம் வந்து சொல்கிறேன் என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"இவள என் பொண்ணுன்னு வச்சுக்கிட்டா, என் பொண்ணத் தேடுறத நிறுத்திடணும் டாக்டர்" என்றாள்.

அவளே போய்ச் சொன்னாள். நாற்காலியின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பிடுங்கின பல்லைப் பற்றியும் ஐந்து மேட்டைப் பற்றியும் எதையும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பெண் மார்பில் போட்டிருந்த துண்டைக்கூட எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப எங்க அம்மாவும் எங்கயாவது என்னத் தேடிக்கிட்டு இருப்பாங்களாம்மா?"

பல்லக்கா அவளை மறுபடி வாயைத் திறக்கச் சொன்னாள். மேல் கடைவாய்ப்பல்லின் உள்பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இங்க சின்னதா ஒரு மேடு கூடுதலா இருக்கு பாரு. எல்லாருக்கும் இருக்காது. இது குடும்பத்துல வர்றது. உங்கம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்திருக்கும்."

அவளிடம் கொடுக்க இருந்தது அவ்வளவுதான். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு, நாக்கால் அந்த இடத்தைத் தேடினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டுப் போ என்று பல்லக்கா கூப்பிட்டதற்கு, அவரைப் பார்த்தால் என்னால் போகமுடியாது என்று சொல்லிவிட்டு அப்படியே பஸ் ஏறப் போய்விட்டாள். நான் துணைக்குப் போகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றாள்.

பல்லக்கா எக்ஸ்ரே படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவருக்குக் காட்டவேண்டும், வெறும் வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்றாள். கதவு வரை போனவள் திரும்பி வந்து, படத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள்.

"இதப் பாத்தா அவருக்கு என்ன தெரியப்போகுது. எனக்குத்தான் தெரியும். இந்த வேலைக்கு வராம இருந்திருந்தா, இன்னிக்கு எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்திருப்பா டாக்டர்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.