ஃபிரிட்ஜில் இருந்த ஏரி

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மூன்று மாதம் ஒரு ஏரி இருந்தது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. பெங்களூரு நீலசந்திராவில் இரண்டே அறை கொண்ட வாடகை வீடு. அதில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான என் சித்தி. அத்தனை நெருக்கடியிலும் தோசை மாவுக்குப் பக்கத்தில் ஏரிக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்திருந்தோம்.

சித்தி கிருஷ்ணகிரியிலிருந்து வந்து, பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் மேலாண்மை முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் அந்தப் பெயரை யாரும் ஒரே மூச்சில் சொன்னதில்லை. 'குப்பைப் படிப்பு' என்று சுருக்கிவிட்டார்கள். ஆடுகோடியில் லேத் பட்டறை வைத்திருந்த அப்பாவுக்கும் உள்ளூரச் சந்தேகம்தான். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேவிட்டார்.

"எல்லாம் சரிம்மா, முடிச்சா என்ன வேலை?"

சித்தி தட்டை நகர்த்தி வைத்துவிட்டு ஆரம்பித்தாள். "ஃபேக்டரில கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ணித்தான் வெளிய விடணும் மாமா, அதப் பாத்துக்க ஆள் வேணும். பெரிய பெரிய அபார்ட்மென்ட்லயும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக் கழிவு எங்க போகுதுன்னு பாக்க ஆள் வேணும். ரோடு போடறதுக்கு முன்னாடி எத்தன மரம் போகும், எந்த ஏரி மூடும்னு ஆராய்ஞ்சு எழுத ஆள் வேணும். இந்த பெங்களூரு பூரா ஆள் வேணும் மாமா, படிச்சவங்கதான் பத்தல."

அப்பா ரசம் கேட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

கடைசிப் பருவத்தில் அவளுக்கு ஒரு ப்ராஜெக்ட். ஒரே ஏரியில், ஒரே இடத்தில், ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். பன்னிரண்டு வாரம். ஞாயிற்றுக்கிழமை பல்கலைக்கழக லேப் பூட்டியிருக்கும். திங்கள்வரை தண்ணீர் குளிரிலேயே இருக்க வேண்டும். அதனால்தான் எங்கள் ஃபிரிட்ஜ்.

"மாவுக்குப் பக்கத்துல சாக்கடைய வெக்கிறியே, உனக்கே நல்லாருக்காடி?" என்று அம்மா முதல் வாரம் ஆடித் தீர்த்தாள். சித்தி பாட்டிலை மூன்று கவரில் சுற்றி எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்தாள். ஆனாலும் அம்மா மாவு எடுக்கும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

சில ஞாயிறுகளில் நானும் கூடப் போவேன். கரையோரம் நுரை குவிந்து கிடக்கும். நடைப்பயிற்சிக்காரர்கள் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஓட்டமாய் ஓடுவார்கள். சித்தி மட்டும் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்புவாள். ஒரு மழைநாளில் வழுக்கி முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டாள். அப்போதும் பாட்டில் பிடித்த கை மேலேயே நின்றது. அடேயப்பா, என்ன பெண் என்று எனக்குப் புல்லரித்துப் போனது. எனக்கு அப்போது எட்டு வயது.

பன்னிரண்டாவது வாரம் நெருங்கியபோது சித்தி சமையலறையில் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "புரொஃபசர் எங்க வகுப்புல ஒரே ஒருத்தரத்தான் பெரிய கம்பெனிக்கு டிரெயினிங் அனுப்புவாராம்க்கா. ரிப்போர்ட் முழுசா இருக்கணும், நல்லா இருக்கணும். அது கெடச்சா வேலையே கெடச்ச மாதிரி."

நல்லா இருக்கணும். அந்தக் கவலை என்னையும் பிடித்துக்கொண்டது.

கடைசி ஞாயிறு, சித்தி பாட்டிலை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். பழுப்பும் பச்சையுமாக, பார்க்கவே குமட்டியது. எங்கள் பள்ளியில் நோட்டில் ஒரு கறை இருந்தாலே மிஸ் மார்க்கைக் குறைத்துவிடுவார். இந்த அழுக்குக்கு யார் மார்க் போடுவார்கள்? பாவம் சித்தி! தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினேன். சோப்புப் போட்டு பாட்டிலைத் தேய்த்துக் கழுவினேன். அம்மா காய்ச்சி ஆறவைத்திருந்த காவிரித் தண்ணீரை விளிம்புவரை, குமிழி இல்லாமல் நிரப்பினேன். கவரையும் அதே மாதிரி சுற்றி வைத்தேன். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் சித்தி கூடப் படிக்கும் தோழியோடு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, ஏரி சுத்தமாயிடுச்சாம். குடிக்கலாமாம்."

"நல்லதுதானேடி?" என்றாள் அம்மா.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நான்தான் சித்தி! சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்!"

அம்மா கையை ஓங்கினாள். சித்தி குறுக்கே புகுந்து என்னை இழுத்துக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

தோழிதான் கன்னடம் கலந்த தமிழில் வழி சொன்னாள். "அய்யோ, சும்னே ஏன்டி அழற? போன வாரத்து நம்பரக் கொஞ்சம் முன்னப்பின்ன மாத்திப் போட்றே. நாளன்னைக்கு ரிப்போர்ட் குடுக்கக் கடைசி நாளு. யாரு பாக்கப் போறாங்க?"

சித்தி மூக்கை உறிஞ்சினாள். "இந்த வாரம் ஏரி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுடி. தெரியாதத எப்படி எழுதறது?"

அட்டவணையில் பன்னிரண்டாவது வரிசையை வெறுமையாக விட்டாள். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினாள்: வீட்டிலிருந்த எட்டு வயதுக் குழந்தை தண்ணீரை மாற்றிவிட்டதால் இந்த வாரத்துக்கு அளவீடு இல்லை.

ஒரு அபார்ட்மென்ட்டின் கழிவுநீர் நிலையத்தில் ரப்பர் கம்பூட் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கிய சித்தி, இன்று தொழிற்சாலைக் கழிவுநீரைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். நானும் அதே குப்பைப் படிப்பில் சேர்ந்துவிட்டேன். போன மாதம் அவளோடு ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். வாசலிலேயே மேனேஜர் பாட்டிலோடு நின்றார். "மேடம், நீங்க எதுக்கு அந்த நாத்தத்துல வரணும்? நாங்களே எடுத்து வெச்சிட்டோம்." பாட்டில் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. சித்தி நன்றி சொல்லிவிட்டு நேராகப் பின்பக்கக் குழாய்க்குப் போனாள், குந்தி உட்கார்ந்தாள், இரண்டு முறை அலசினாள்.

திரும்பும்போது காரில் சொன்னாள்: "தண்ணிய மாத்தறவங்க நெறைய பேரப் பாத்துட்டேன்டி. பாசத்துல மாத்தினது நீ ஒருத்திதான்."

அப்போதுதான் கேட்கத் தோன்றியது. "அந்த டிரெயினிங் என்னாச்சு சித்தி?"

"அது வேற பொண்ணுக்குப் போச்சு. ஒரு வாரம் காலியா இருக்கற ரிப்போர்ட்ட வெச்சு எப்படி அனுப்புவாங்க?" பஸ் போய்விட்டது என்பதுபோலச் சொல்லிவிட்டு, ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள்.

கறுப்பு அட்டையும் தங்க எழுத்துமாக அந்த ரிப்போர்ட் வீட்டுக்கு வந்தபோது, என்னைப் பற்றிய வரி இருந்த பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்தவள் நான். வீட்டுக்கு யார் வந்தாலும் கையைப் பிடித்து இழுத்து, "சித்தி புக்குல நான் இருக்கேன், பாருங்க!" என்று விரல் வைத்துக் காட்டுவேன். புத்தகம் பீரோவின் மேல் இருக்கும், எனக்கு எட்டாது. ஒவ்வொரு முறையும் அதை எடுத்து என் கையில் கொடுத்தது சித்திதான்.