எது முந்தி என்று கேட்ட ஆக்னஸ்

ஒரகடம் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது ஆக்னஸின் தம்பி அழைத்தார். "அக்கா போய்ட்டாங்க சார். தூக்கத்துலயே." அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

குழந்தைகளின் பழக்கங்களை ஆராயும் எங்கள் சிறிய அலுவலகத்தில் ஆக்னஸுக்கு எனக்கு எதிர் மேசை. எதையும் எளிதில் நம்ப மாட்டார். டீக்கடைக்காரர் "இப்பதான் போட்டது" என்றால்கூட டம்ளரைத் தொட்டுப் பார்ப்பார்.

தொழிலாளர் குடும்பங்களில் நாங்கள் எடுத்த ஆய்வில், அதிகம் போன் பார்க்கும் குழந்தைகள் பலர் தாமதமாகப் பேசுவது தெரிந்தது. போன் பேச்சைக் கெடுக்கிறது என்று உடனே போஸ்டர் அடிக்கச் சொன்னார் இயக்குநர்.

"இன்னா அவசரம் இவருக்கு?" என்று என்னிடம் முணுமுணுத்தார் ஆக்னஸ். "ரெண்டும் சேந்து இருக்குது, சரி. எது முந்தின்னு யாராவது கேட்டோமா?"

விடுப்பு எடுத்துக்கொண்டு, ஆய்வு நடந்த வடக்குப்பட்டுக்குப் புறப்பட்டார். நானும் போனேன். பரமக்குடிப் பக்கமிருந்து வந்து கம்பெனி உற்பத்தி லைனில் வேலை பார்க்கும் முத்துமாரி, எங்களை வாசலிலேயே நிறுத்தினார்.

"போனக் குடுத்துப் பிள்ளையக் கெடுத்தேன்னு எழுதத்தான வந்திருக்கீக? எம் புருசனும் அதத்தான் சொல்றாரு."

"போன் எப்பம்மா குடுத்தீங்க?" என்று கேட்டார் ஆக்னஸ்.

"கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. எதுக்கும் அடங்க மாட்டா. படம் ஓடுனாத்தான் உக்காருவா. அதுக்கப்பறந்தான் குடுத்தேன்."

ஆக்னஸ், வாசலில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமிக்குப் பின்னால் போய் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார். நான் திடுக்கிட்டேன். குழந்தை திரும்பவில்லை.

பரிசோதனைக்கு அவரே அழைத்துப்போனார். செவித்திறன் குறைவு உறுதியானது. காதுக்கருவி பொருத்தி, பேச்சுப் பயிற்சியும் தொடங்கினார்கள்.

"அப்ப போன் மேல தப்பே இல்ல" என்றேன் உற்சாகமாக.

முறைத்தார். "ஒரு கொழந்தைய வெச்சு அதையும் சொல்லாதீங்க. வேற வூட்ல போனே காரணமா இருக்கலாம். போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

மற்ற வீடுகளுக்கும் போனார். சில வீடுகளில் போன் முந்தி, சிலவற்றில் பேச்சுத் தாமதம் முந்தி. சில வீடுகளில் பெற்றோர் மாறி மாறி ஷிப்டுக்குப் போனதால் குழந்தையிடம் பேசவே ஆளில்லை. போஸ்டர் வரவில்லை. தாமதமாகப் பேசும் குழந்தைகளுக்கெல்லாம் முதலில் காதைப் பார்க்க ஏற்பாடாயிற்று. இறுதி அறிக்கையில் 'காரணம் தெரியவில்லை' என்ற வரியை நீக்க அவர் கடைசிவரை விடவில்லை.

மணிமங்கலத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு முத்துமாரி யூனிபார்மோடு வந்திருந்தார். அவர் கணவர் என்னருகே வந்தார். "எம் பொண்டாட்டியத் திட்டுனதுக்கு மேடம் எங்கிட்டக் கோவப்படவே இல்ல சார். 'எதப் பாத்து அப்படி நெனச்சீங்க'ன்னு மட்டும் கேட்டாங்க."

பிறகு மகளைத் தூக்கிப் பிடித்தார். அவள் பெட்டியின் மேல் பூவைப் போட்டு ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. "அத்தைன்னு சொல்றா" என்றார் முத்துமாரி.

நான் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினேன். போய்வாருங்கள், ஆக்னஸ்.