எட்டு நாளைக்கு ஒருவாட்டி

மென்பொருளில் புது வசதி என்றாலே எனக்கு எரிச்சல் வரும். பழகிய பொத்தானைக் காணாமல் அடித்துவிட்டு, யாரும் கேட்காத நாலு பொத்தானைக் கொண்டுவந்து வைப்பார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு புது வசதிக்குக் கும்பிடு போடாத குறையாக நன்றி சொன்ன கதை இது.

ராயக்கோட்டைச் சாலையில், உத்தனப்பள்ளி தாண்டி, ஒரு ரோஜாப் பண்ணைக்குப் பூச்சிக் கணிப்புச் செய்து கொடுப்பது என் வேலை. ரோஜா இலையின் அடியில் செஞ்சிலந்திப் பேன் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். பண்ணையில் எல்லோருக்கும் அது 'மைட்டு'. அதைத் தின்பதற்கென்றே இன்னொரு பேன் இருக்கிறது. மருந்தைக் குறைத்துக்கொண்டு அந்தப் பேனை விட்டுப் பார்க்கலாம் என்று முதலாளி சம்மதித்திருந்தார். எது எவ்வளவு பெருகும், எது எதைத் தின்று தீர்க்கும் என்று மென்பொருள் சொல்லும். உண்மையில் எத்தனை இருக்கிறது என்று இலையைப் புரட்டி, லென்ஸ் வைத்து எண்ணுவது ஓர் அக்கா.

அக்கா முன்பு பேக்கிங்கில் இருந்தவர். பேக்கிங் என்றால் குளிர் ரூம். அங்கே நின்று நின்று விரல்கள் மரத்துப்போனதால்தான் இந்த வேலையைக் கேட்டு வாங்கியிருந்தார். கூட வேலை செய்யும் பெண்களிடம் தெலுங்கு, டிரைவரிடம் கன்னடம், என்னிடம் தமிழ் என்று பேசுவார். எண்ணும்போது மட்டும் எந்த மொழியிலும் வாயைத் திறக்கமாட்டார். எத்தனை நாளைக்கு ஒருமுறை எண்ணுகிறீர்கள் என்று முதல் நாளே கேட்டேன்.

"எட்டு நாளைக்கு ஒருவாட்டி மேடம். தவறாது."

இடைவெளி என்ற கட்டத்தில் எட்டு என்று தட்டினேன்.

முதல் மூன்று எண்ணிக்கையும் கணிப்போடு ஒட்டி வந்தன. அதற்கப்புறம் விலக ஆரம்பித்தன. கணிப்புக் கோடு மேலே போய்க்கொண்டிருக்க, அக்காவின் எண்கள் கீழேயே நின்றன. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் வித்தியாசம் கூடியது. அக்காவுக்கு அலுத்துவிட்டது, பாதி இலையை விட்டுவிட்டு எண்ணுகிறார் என்று நானாகவே முடிவுகட்டினேன். எண்ணிக்கை குறைகிறதே, ஒழுங்காகப் பார்க்கிறீர்களா என்று அவரிடமே கேட்டேன். சரி மேடம் என்றதோடு நிறுத்திக்கொண்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் முதலாளியிடமும் சொல்லித் தொலைத்தேன். அப்படியானால் அடுத்த மாதம் அவரைப் பேக்கிங்குக்கே அனுப்பிவிடலாம், எண்ணுவதற்கு வேறு ஆள் பார்க்கலாம் என்றார் அவர்.

அந்தச் சமயத்தில்தான் மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தது. பழையதில் எல்லாப் பேனும் ஒரே கட்டத்துக்குள் கிடக்கும். புதியதில் முட்டை, குஞ்சு, பெரிசு என்று தனித்தனிக் கட்டம் போடலாம். நடுவில் அம்புக்குறி இழுத்தால் கணக்கை அதுவே எழுதிக்கொள்கிறது. நன்றாகத்தான் இருந்தது. அக்காவின் நோட்டில் முதல் நாளிலிருந்தே அந்த மூன்று கட்டமும் இருந்தன என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் தேதி கொடுக்காவிட்டால் ஓடமாட்டேன் என்று அடம்பிடித்தது. நோட்டைப் பார்த்துப் பண்ணை ஆபீஸில் டைப் செய்து அனுப்பும் ஷீட்டில் தேதி இருக்கத்தான் செய்தது. நான்தான் இத்தனை நாளும் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் ஏற்றினேன். உடனே சிவப்பில் ஒரு வரி வந்தது. நீங்கள் கொடுத்த இடைவெளி எட்டு நாள், தேதிகளின்படி ஏழு நாள் என்றது.

காலண்டரை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் வெள்ளிக்கிழமை. இந்த வெள்ளியையும் அடுத்த வெள்ளியையும் சேர்த்து எண்ணினால் எட்டு நாள். நம் ஊர்ப் பேச்சில் எட்டு நாள் என்றால் ஒரு வாரம், அவ்வளவுதான். விருதுநகர்ப் பக்கம் பிறந்து, எட்டு நாள் கழித்து வா என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த எனக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அது மறந்துபோயிருந்தது. முறைக்கு ஒரு நாள் கூடுதலாகப் பேன்களைப் பெருகவிட்டு, ஒன்பதாவது எண்ணிக்கைக்கு வரும்போது எட்டு நாள் முன்னால் ஓடிப்போயிருந்தேன்.

எட்டை அழித்து ஏழு போட்டேன். கோடு இறங்கி வந்தது. ஒன்றிரண்டு தவிர அக்காவின் புள்ளிகள் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனது. எனக்கு ஒரே நேரத்தில் சந்தோஷமாகவும் அவமானமாகவும் இருந்தது. உட்கார்ந்து தட்டுகிறவள் சொல்வதை அப்படியே நம்பாமல் ஒருதரம் சரிபார்க்க வேண்டும் என்று நினைத்த அந்த மென்பொருள்காரர் யாரோ, எவரோ, நல்லா இருக்கட்டும்.

மறுநாள் காலை பண்ணைக்குப் போய், அக்காவை வைத்துக்கொண்டே முதலாளியிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். முதலாளி சிரித்தார். அவர் வீட்டிலும் வாரத்தை எட்டு நாள் என்றுதான் சொல்வார்களாம். பேக்கிங் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார். வெளியே வந்ததும், நான் சந்தேகப்பட்டபோது ஏன் ஒன்றுமே சொல்லவில்லை என்று அக்காவைக் கேட்டேன்.

அவர் நோட்டைப் புரட்டிக் காட்டினார். நான் கேட்ட நாளுக்கு அடுத்த வெள்ளியிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பென்சிலால் இன்னொரு எண் இருந்தது.

"கொறையுதுன்னு நீங்க சொன்னதும் பயமாப் போச்சு மேடம். அன்னிலேருந்து ரெண்டு வாட்டி எண்ணிப் பாக்கறேன். ரெண்டாவது வாட்டியும் அவ்ளோதான் வருது. உங்களுக்காகக் கொஞ்சம் ஏத்தி எழுதலாமான்னுகூட நெனச்சேன். எலையில இல்லாதத எப்பிடி மேடம் எழுதறது?"