பொன்னுராஜ் அண்ணாச்சியின் இடப்பக்கம்

கைப்பேசியை இடக்காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகிக்கொண்டு, வலக்கையால் விலை எழுதியபடி, இடக்கையால் ஏலக்காயை உருட்டிப் பார்க்கிறார் பொன்னுராஜ் அண்ணாச்சி. போடி கடைவீதியில் இருபத்தெட்டு வருடமாக இப்படித்தான். காயின் ஈரம் அந்த இட விரல் நுனிகளுக்குத்தான் தெரியும். அதை நம்பித்தான் கேரள மலையிலிருக்கும் வண்டன்மேட்டுத் தோட்டக்காரர்கள் விலைக்கு ஒத்துக்கொள்கிறார்கள்.

பேசாத நேரத்திலும் தலை சாய்ந்தே இருக்கும். தங்கள் குறையை உருகிக் கேட்கிறார் என்று விவசாயிகள் நெகிழ்வார்கள். சர்ச்சில் போதகரும் அப்படியே நினைக்கிறார்.

"ஸ்பீக்கர்ல போடுங்களேன் அண்ணாச்சி" என்றேன் ஒருமுறை, கடையில் கணக்குப் பார்க்கும் நான்.

"போட்டா என் ரேட்டு எதிர்க்கடைக்குக் கேக்கும் தம்பி."

"ப்ளூடூத்?"

"தானாப் பேசுறேன்னு ஊருக்குள்ள வேற மாதிரி சொல்லுவாக."

போன மாதம் இட விரல்கள் மரத்துப்போயின. ஸ்கேன் அறிக்கையை என்னிடம் நீட்டினார். கடையில் பட்டதாரி நான் ஒருவன்தான். படித்ததோ வணிகவியல். எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்பதால், தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனபோது டாக்டர் சொன்னதையே, அறிக்கையில் படிப்பவன்போல் சொன்னேன்: கழுத்தெலும்பில் இடப்பக்க மூட்டுகள் தேய்ந்திருக்கின்றன, வலப்பக்கம் நன்றாக இருக்கிறது, தலையைச் சாய்ப்பதை நிறுத்தாவிட்டால் விரலில் உணர்ச்சி திரும்பாது.

"வலப்பக்கம் நல்லாருக்குல்ல? நல்ல காயோட சொத்தையக் கலந்தா ஆவரேஜ் ரேட்டுக்குப் போயிரும்."

"கலந்து விக்க அது மூட்டையில்ல, ஒங்க கழுத்து" என்று அவர் மனைவி சொர்ணலதா, ஆஸ்பத்திரியில் கொடுத்த கழுத்துப்பட்டையை இறுக்கி மாட்டி அனுப்பினார்.

இன்று காலை கடைக்கு வந்ததும் அண்ணாச்சி பட்டையைச் சற்றுத் தளர்த்தினார். இடப்பக்கம் கிடைத்த இடைவெளியில் கைப்பேசியைச் செருகி, நழுவாமலிருக்கத் தலையைச் சாய்த்து அழுத்திக்கொண்டார்.

"பாத்தியா, ஆஸ்பத்திரில ஸ்டாண்டே குடுத்துவிட்டிருக்காக."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்க வேண்டுமா என்று இப்போது யோசிக்கிறேன்.

வண்டன்மேட்டிலிருந்து அழைப்பு வந்தது. மாதிரிக்கு வந்திருந்த காயை இடக்கை உருட்டியது. "இன்னும் ஈரம் நிக்குது சேட்டா, ரேட்டு அம்புட்டுத்தான்" என்றார், எப்போதும்போல உறுதியாக.

பிறகு என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேனாவை ஓசையில்லாமல் வைத்துவிட்டு, அந்தக் காயை வலக்கைக்கு மாற்றி, மறுபடி உருட்டிப் பார்த்தார்.